மழைக்கும் வெயிலுக்கும் டெர்மினலில் கணக்கு: சிடிஓ கத்துக்கலாம் வாங்க

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு வெள்ளம், வெப்ப அலை, காற்றாலை, சோலார் என்று எந்தத் தலைப்பை எடுத்தாலும் ஒரு கட்டத்தில் வானிலை டேட்டா தேவைப்படும். டேட்டா கிடைப்பது இப்போ கஷ்டமே இல்லை. நடுத்தர கால வானிலை முன்கணிப்புக்கான ஐரோப்பிய மையம் தயாரிக்கிற ஈஆர்ஏ5 தொகுப்பு இலவசம். 1940-லிருந்து உலகம் முழுக்க, ஒவ்வொரு மணி நேரத்துக்கும் மழை, வெப்பநிலை, காற்று எல்லாம் அதில் இருக்கு. நம்ம இந்திய வானிலை ஆய்வுத் துறையின் தினசரி மழை டேட்டா 1901-லிருந்தே கிடைக்குது.

சிக்கல் டவுன்லோட் பண்ணின பிறகுதான் ஆரம்பிக்குது. இந்த ஃபைலை வைத்துக் கூட்டல் கழித்தல் பண்ணுவது எப்படி? அதைவிட முக்கியமா, வந்த விடை சரியா என்று எப்படித் தெரிஞ்சுக்கிறது? இந்தக் கட்டுரை அந்த இரண்டுக்கும்தான்.

எக்செல் ஏன் சரிப்படாது?

ஈஆர்ஏ5 கட்டங்கள் 0.25 டிகிரி இடைவெளியில் இருக்கும். உலகம் முழுக்க எடுத்தால் 721 வரிசை, 1440 நிரல். அதாவது ஒரு மணி நேரத்துக்கு 10,38,240 மதிப்புகள். ஒரு வருஷத்துக்கு 8760 மணி நேரம். பெருக்கிப் பார்த்தால் சுமார் 909 கோடி எண்கள். ஒரு எண்ணுக்கு 4 பைட் வைத்தாலே 36 ஜிபி தாண்டுது. நம்ம லேப்டாப்பில் ரேம் 8 ஜிபி!

தமிழ்நாட்டைச் சுற்றி ஒரு பெட்டி மட்டும் வெட்டி எடுத்தால் 25 × 21 = 525 புள்ளிகள். அதுக்கே ஒரு வருஷத்துக்கு கிட்டத்தட்ட 46 லட்சம் மதிப்புகள். எக்செல் ஷீட்டில் மொத்த வரிசையே 10,48,576 தான்.

இதுக்குன்னே இருக்கிற டூல் சிடிஓ. ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரில் இருக்கிற மேக்ஸ் பிளாங்க் வானிலையியல் நிறுவனம் உருவாக்கினது. முழுப்பெயரைத் தமிழில் சொன்னால் 'காலநிலைத் தரவு இயக்கிகள்'. இது ஃபைல் முழுவதையும் ரேமில் ஏத்தாது. ஒரு நேரத்துக்கான கட்டத்தைப் படிக்கும், கணக்குப் போடும், எழுதும், அடுத்ததுக்குப் போகும். அதனால் பெரிய ஃபைலும் சின்ன லேப்டாப்பில் ஓடும். எல்லா வேலைக்கும் இந்த அதிர்ஷ்டம் கிடையாது, ஆனா நம்ம சாதாரணக் கணக்குகள் பெரும்பாலும் இப்படித்தான் நடக்குது.

உபுண்டுவில் ஆப்ட் மூலமா ஒரே வரியில் இன்ஸ்டால் ஆகிடும். விண்டோஸ் வைத்திருப்பவர்கள் டபிள்யூஎஸ்எல் போட்டு அதுக்குள்ள உபுண்டு வைத்துக்கலாம்.

ஒரு குறிப்பு: கீழே கமாண்ட் எல்லாத்தையும் உச்சரிக்கிற மாதிரி தமிழில் எழுதியிருக்கேன். டெர்மினலில் அடிக்கும்போது ஆங்கிலச் சின்ன எழுத்து. ஸ்பெல்லிங்கில் சந்தேகம் வந்தால் 'சிடிஓ --ஆபரேட்டர்ஸ்' என்று கொடுங்க, மொத்தப் பட்டியலும் வரும். 'சிடிஓ -எச்' போட்டு ஆபரேட்டர் பெயரைக் கொடுத்தால் அதுக்கான விளக்கம் வரும்.

முதலில் ஃபைலைப் படிங்க

நமக்குக் கிடைக்கிற ஃபைல் பெரும்பாலும் நெட்சிடிஎஃப் வகை. கடைசியில் புள்ளி போட்டு என்சி என்று இருக்கும். இதில் எண்கள் மட்டும் இல்லை. எந்த அட்சரேகை, எந்த நேரம், என்ன அலகு, டேட்டா இல்லாத இடத்துக்கு என்ன குறி என்ற விவரமெல்லாம் கூடவே ஒட்டி வரும். அந்த விவரத்தைப் படிக்காமல் எண்ணை மட்டும் எடுப்பது, லேபிள் பார்க்காமல் மருந்து குடிக்கிற மாதிரி.

சிடிஓ எஸ்இன்ஃபோஎன் மழை.என்சி
சிடிஓ ஷோயூனிட் மழை.என்சி
சிடிஓ இன்ஃபோஎன் மழை.என்சி

முதல் கமாண்ட் கட்டமும் நேரமும் சொல்லும். இரண்டாவது அலகு சொல்லும். மூன்றாவதுதான் நம்ம உயிர்த்தோழன். ஒவ்வொரு நேரத்துக்கும் குறைந்தபட்சம், சராசரி, அதிகபட்சம், எத்தனை புள்ளியில் டேட்டா இல்லை என்று வரிசையா காட்டும். ஒவ்வொரு கணக்குக்கும் முன்னாடி ஒரு தடவை, பின்னாடி ஒரு தடவை இதை ஓட்டுங்க. பழக்கமாக்கிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துடும்.

எளிய கணக்கு, முதல் பொறி

ஈஆர்ஏ5-ல் வெப்பநிலை கெல்வினில் இருக்கும். மழை மீட்டரில் இருக்கும், மில்லிமீட்டரில் இல்லை. மாத்துவது சுலபம்:

சிடிஓ சப்சி,273.15 வெப்பம்.என்சி செல்சியஸ்.என்சி
சிடிஓ மல்சி,1000 மழை.என்சி மழைமிமீ.என்சி

பெயரின் கடைசியில் 'சி' இருந்தால் ஒரு மாறிலியோடு கணக்கு. கூட்ட ஆட்சி, கழிக்க சப்சி, பெருக்க மல்சி, வகுக்க டிவ்சி. 'சி' இல்லாமல் சப், மல் என்று மட்டும் போட்டால் இரண்டு ஃபைலுக்கு இடையே கணக்கு. முதல் ஃபைலிலிருந்து இரண்டாவது கழியும். இரண்டுக்கும் கட்டம் ஒரே அளவில் இருக்கணும். ஒரு ஃபைலில் ஒரே ஒரு நேரம்தான் இருக்கு என்றால், அதையே மற்ற ஃபைலின் எல்லா நேரத்துக்கும் பயன்படுத்திக்கும்.

இப்போ பொறியைப் பாருங்க. சப்சி எண்ணை மட்டும்தான் மாத்தும். அலகு லேபிளில் 'கெல்வின்' என்பது அப்படியே இருக்கும். எண் 31, லேபிள் கெல்வின். அடுத்த வாரம் டீம்மேட் இந்த ஃபைலை எடுத்து லேபிளைப் பார்த்து மறுபடி 273.15 கழிச்சால்? அதனால் செட்யூனிட் ஆபரேட்டரை வைத்து லேபிளையும் உடனே மாத்திடுங்க.

இன்னொண்ணு. இரண்டு வெப்பநிலைகளின் வித்தியாசத்தை எடுக்கும்போது 273.15 கழிக்கவே கூடாது. 303.15 கெல்வினிலிருந்து 301.15 கெல்வினைக் கழிச்சால் 2. அது செல்சியஸிலும் 2 தான். அதில் போய் 273.15 கழிச்சால் மைனஸ் 271.15 வரும். சிடிஓ ஒரு வார்த்தை கேட்காது. அதுக்கு அது வெறும் எண்.

சங்கிலி போடுவது

சிடிஓவின் உண்மையான பலம் இதில்தான். பல கணக்குகளை ஒரே வரியில் கோர்க்கலாம், நடுவில் தற்காலிக ஃபைல் எதுவும் வேண்டாம்.

சிடிஓ -மல்சி,1000 -செல்லான்லாட்பாக்ஸ்,76,81,8,14 மழை.என்சி தமிழகம்.என்சி

வலமிருந்து இடமா படிக்கணும். முதலில் பெட்டியை வெட்டும், அப்புறம் 1000-ஆல் பெருக்கும். முதலிலேயே வெட்டிட்டால் மத்த கணக்கெல்லாம் 525 புள்ளிக்கு மட்டும்தான், அதனால் வேகம்.

இந்தப் பெட்டிக்குள் கேரளாவும் இருக்கு, வங்கக் கடலும் இருக்கு. எஃப்எல்டிமீன் போட்டு சராசரி எடுத்து 'தமிழ்நாட்டின் சராசரி மழை' என்று தலைப்பு வைக்காதீங்க. மாவட்டம் அல்லது மாநில எல்லைப் புள்ளிகளை ஒரு ஃபைலில் கொடுத்து மாஸ்க்ரீஜன் ஆபரேட்டரால் வெளியே இருப்பதை மறைச்ச பிறகு சராசரி எடுங்க.

எஃப்எல்டிமீன் கட்டத்தின் பரப்பளவைக் கணக்கில் எடுத்துக்கும் என்பது நல்ல விஷயம். வடக்கே போகப் போகக் கட்டம் குறுகும். கன்னியாகுமரி பக்கம் 8 டிகிரியில் காஸ் மதிப்பு 0.99, காஷ்மீரின் வட எல்லைப் பக்கம் 37 டிகிரியில் 0.80. பைத்தானில் சும்மா சராசரி எடுத்தால் இரண்டுக்கும் ஒரே எடை போயிடும்.

ஒரு நாள் என்பது எப்போ ஆரம்பிக்குது?

மழை ப்ராஜெக்ட் பண்ணுகிறவங்க இந்தப் பகுதியை மட்டும் இரண்டு தடவை படிங்க.

இந்திய வானிலைத் துறை மழையைக் காலை 8.30 மணிக்கு அளக்கும். டிசம்பர் 2-ஆம் தேதி மழை என்று பதிவானால், அது டிசம்பர் 1 காலை 8.30-லிருந்து டிசம்பர் 2 காலை 8.30 வரை பெய்தது. 2015-ல் தாம்பரத்தில் பதிவான 49 சென்டிமீட்டர் இப்படிப்பட்ட 24 மணி நேரக் கணக்குதான்.

ஈஆர்ஏ5 நேரமோ உலகப் பொது நேரம். அதில் நள்ளிரவு என்றால் நமக்குக் காலை 5.30. நம்ம 8.30 அங்கே 3 மணி. இன்னொரு விஷயம், அதில் 23 மணி என்று குறிச்ச மழை 22-லிருந்து 23 வரை பெய்தது. குறி எப்பவும் அந்த மணி நேரத்தின் முடிவில் இருக்கும்.

ஒரு உதாரணம் போடலாம். விடியற்காலை 3.30-லிருந்து 7.30 வரை மணிக்கு 25 மிமீ வீதம் கொட்டுது. மொத்தம் 100 மிமீ. உலக நேரத்தில் இது 22-லிருந்து மறுநாள் 2 வரை. ஃபைலில் குறிகள் 23, 0, 1, 2. இப்போ யோசிக்காமல் டேசம் போட்டால் முதல் நாளுக்கு 25, மறுநாளுக்கு 75. ஒரே மழை இரண்டு நாளா உடைஞ்சு போச்சு. கூட்டல் தப்பில்லை. நாள்தான் தப்பு.

சரியான வழி, நேரத்தை முதலில் 20 மணி நேரம் முன்னே தள்ளுவது:

சிடிஓ -டேசம் -ஷிஃப்ட்டைம்,20ஹவர்ஸ் மழைமிமீ.என்சி நாள்மழை.என்சி

உலக நேரம் 4 மணிக் குறி மறுநாள் 0 மணி ஆகும். அடுத்த நாள் 3 மணிக் குறி அதே நாளின் 23 மணி ஆகும். நடுவில் இருக்கிற 24 மணி நேரமும் ஒரே தேதிக்குள் வந்துடும். அந்தத் தேதி நம்ம வானிலைத் துறை போடுகிற தேதியோடு பொருந்தும். மேலே சொன்ன மழை இப்போ ஒரே நாளில் 100 மிமீ.

இதிலும் ஒரு ஓரப் பிரச்சினை உண்டு. தள்ளின பிறகு முதல் நாளில் 4 மணி நேரம்தான் இருக்கும், கடைசி நாளில் 20 மணி நேரம்தான் இருக்கும். அதனால் டவுன்லோட் பண்ணும்போதே முன்னாடி ஒரு நாள், பின்னாடி ஒரு நாள் சேர்த்து எடுங்க. ஓரத்தில் அரைகுறையா நிற்கிற நாட்களைக் கடைசியில் வெட்டிடுங்க.

எதை முதலில் பண்ணுவது?

காற்று டேட்டா இரண்டு பாகமா வரும். கிழக்கு மேற்கு ஒண்ணு, வடக்கு தெற்கு ஒண்ணு. வேகம் வேணும் என்றால் இரண்டையும் வர்க்கம் பண்ணிக் கூட்டி வர்க்கமூலம். இதுக்கு எக்ஸ்பிஆர் என்ற ஆபரேட்டரில் சூத்திரத்தையே எழுதலாம். சூத்திரத்தை ஒற்றை மேற்கோளுக்குள் வைக்கணும். இல்லைன்னா நட்சத்திரக் குறியையும் அரைப்புள்ளியையும் டெர்மினல் தனக்கான கட்டளை என்று எடுத்துக்கும். எக்ஸ்பிஆர் புது மாறியை மட்டும் எழுதும். பழசும் கூடவே வேணும் என்றால் ஏஎக்ஸ்பிஆர்.

கேள்வி என்னன்னா, முதலில் மாத சராசரியா, முதலில் வேகமா?

சென்னைக் கடற்கரையை எடுத்துக்குங்க. மதியத்துக்கு மேல் கடல் காற்று, இரவில் நிலக் காற்று. ஒண்ணு 4, இன்னொண்ணு மைனஸ் 4 என்று வைத்தால் சராசரி பூஜ்யம். பிறகு வேகம் எடுத்தாலும் பூஜ்யம். ஆனா அங்கே நிற்கிற ஆளுக்கு எப்பவும் வினாடிக்கு 4 மீட்டர் காற்று அடிச்சுக்கிட்டுதான் இருந்தது.

காற்றாலைக்கு இது இன்னும் மோசம். காற்றில் இருக்கிற ஆற்றல் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும். முப்பந்தல் மாதிரி ஒரு இடத்தில் பாதி நேரம் 4, பாதி நேரம் 12 என்று வைப்போம். சராசரி 8, அதன் மும்மடி 512. ஆனா தனித்தனியா மும்மடி எடுத்து சராசரி பார்த்தால் 64-ம் 1728-ம் சேர்ந்து 896. சராசரியை முதலில் எடுத்தவர் ரிப்போர்ட்டில் நாற்பது சதவீதத்துக்கு மேல் காணோம். அதனால் வர்க்கம், மும்மடி, வர்க்கமூலம் இருக்கிற சூத்திரத்தை மணி நேர அளவிலேயே போட்டுட்டு, சராசரியைக் கடைசியில் எடுங்க.

டேட்டா இல்லாத இடம்

டேட்டா இல்லை என்பதும் பூஜ்யம் என்பதும் ஒண்ணு இல்லை. சில ஃபைல்களில் இல்லாத இடத்துக்கு மைனஸ் 999 என்று போட்டிருப்பாங்க. இந்த எண்தான் குறி என்று ஃபைலின் விவரத்தில் சொல்லியிருந்தால் சிடிஓ அதைத் தவிர்க்கும். சொல்லாமல் விட்டிருந்தால் அதையும் மழை என்றே கூட்டும். வருஷத்துக்கு 1200 மிமீ பெய்கிற ஊரில் ஒரே ஒரு நாள் இப்படி இருந்தால் மொத்தம் 201 மிமீ. பார்க்கிறவங்களுக்கு அது நம்பக்கூடிய வறட்சி வருஷம்! இன்ஃபோஎன் போட்டுக் குறைந்தபட்ச நிரலில் மைனஸ் தெரிஞ்சால் செட்சிடுமிஸ்,-999 கொடுத்து சரிபண்ணிடுங்க.

சரியா குறிச்ச பிறகும் ஒரு தேர்வு நம்ம கையில்தான் இருக்கு. டிம்மீன் இல்லாததை விட்டுட்டு மீதிக்கு சராசரி போடும். டிம்ஏவிஜி ஒரு மதிப்பு இல்லைன்னாலும் விடையே இல்லை என்று சொல்லும். 10, 20, இல்லை, 30 என்று நாலு நாள் இருந்தால் முதலாவது 20 என்று சொல்லும், இரண்டாவது 'இல்லை' என்று சொல்லும். டிம்சம் இல்லாததை விட்டுட்டு 60 என்று கூட்டும். மழை மொத்தத்தில் ஆபத்து இங்கேதான். பத்து நாள் டேட்டா விட்டுப்போன மாதமும் நிஜமாவே மழை குறைஞ்ச மாதமும் ஒரே மாதிரி தெரியும். மொத்தம் சொல்லும்போது எத்தனை நாள் டேட்டா இருந்தது என்பதையும் பக்கத்தில் எழுதுங்க.

சுருக்கி வைச்ச ஃபைல்

சில ஃபைல்களில் இடத்தை மிச்சம் பிடிக்க எண்களை 16 பிட் முழு எண்ணா சுருக்கி வைச்சிருப்பாங்க. மொத்தம் 65,536 படிகள்தான். ஃபைலில் இருந்த அதிகபட்சத்துக்கு ஏற்ப அந்தப் படிகளைப் பிரிச்சிருப்பாங்க. மணிக்கு 30 மிமீ வரை இருக்கிற ஃபைலில் நாள் மொத்தம் 100 வந்தால் அந்த அளவுகோலில் அதுக்கு இடமே இல்லை. எண்ணை மாத்த முடியலை என்று எரர் வரும். பெரிய எண் வராத கணக்கில் எரர் வராது, ஆனா நுணுக்கம் தேயலாம். மருந்து சின்னது. கமாண்டின் ஆரம்பத்தில் '-பி எஃப்32' சேர்த்தால் விடையை முழுத் தசம எண்ணா எழுதும்.

இதனால் என்ன ஆகிடப் போகுது?

1 மிமீ மழை 1 சதுர கிலோமீட்டரில் பெய்தால் 1000 கன மீட்டர், அதாவது 10 லட்சம் லிட்டர் தண்ணீர். சென்னை அட்சரேகையில் ஈஆர்ஏ5-ன் ஒரே ஒரு கட்டம் சுமார் 750 சதுர கிமீ. 2011-ல் விரிவாக்கின சென்னை மாநகராட்சியே 426 தான். அந்த ஒரு கட்டத்தில் 100 மிமீ என்றால் 7.5 கோடி கன மீட்டர், சுமார் 2.65 டிஎம்சி. செம்பரம்பாக்கம் ஏரியின் முழுக் கொள்ளளவு 3.645 டிஎம்சி.

நாள் எல்லையைக் கவனிக்காமல் 100-க்குப் பதில் 75 என்று எடுத்தால், 1.875 கோடி கன மீட்டர் தண்ணீர் பேப்பரில் மட்டும் காணாமல் போகுது. தெருவில் போகாது. அந்த எண்ணை வைத்து மழைநீர் வடிகாலின் அகலத்தைக் கணக்கிட்டால் என்ன ஆகும் என்று சிவில் நண்பர்களைக் கேளுங்க.

இதே காரணத்தால், கட்டத்தின் எண்ணை ஒரு ஊரின் மழைமானியோடு நேரடியா ஒப்பிட்டு 'ஈஆர்ஏ5 தப்பு' என்று எழுதிடவும் வேண்டாம். ஒண்ணு 750 சதுர கிமீட்டரின் சராசரி. இன்னொண்ணு ஒரே ஒரு புள்ளி. தாம்பரத்தில் கொட்டினது பக்கத்து ஊரில் பாதிதான் பெய்திருக்கலாம்.

ரிப்போர்ட்டில் போடும் முன்

ஒவ்வொரு விடைக்கும் இந்த ஐந்தையும் கேளுங்க.

1. அலகு என்ன? லேபிளும் எண்ணும் ஒத்துப்போகுதா?
2. நாள் எங்கே ஆரம்பிச்சு எங்கே முடியுது?
3. சராசரியை சூத்திரத்துக்கு முன்னாடி எடுத்தேனா, பின்னாடியா?
4. எத்தனை மதிப்பு இல்லை?
5. குறைந்தபட்சமும் அதிகபட்சமும் நடக்கக்கூடியதா? மைனஸ் மழை, 70 டிகிரி சென்னை என்று ஏதாவது தெரியுதா?

கூடவே ஒரே ஒரு புள்ளி, ஒரே ஒரு நாள் எடுத்துக் கால்குலேட்டரில் போட்டுப் பாருங்க. 24 எண்ணைக் கூட்ட ஐந்து நிமிஷம் ஆகும். அது சரியா வந்தால் மீதி லட்சக்கணக்கான எண்ணுக்கும் அதே கணக்குதான்.

சிடிஓ நமக்கு இன்னொரு உதவியும் பண்ணுது. ஓட்டின ஒவ்வொரு கமாண்டையும் விடை ஃபைலின் 'ஹிஸ்டரி' விவரத்தில் தேதியோடு எழுதி வைக்கும். ஆறு மாசம் கழிச்சு வைவாவில் 'இந்த எண் எப்படி வந்தது?' என்று கேட்டால் பதில் ஃபைலுக்குள்ளேயே இருக்கும். நம்ம ரிப்போர்ட்டை எடுத்துத் தொடரப் போகிற ஜூனியருக்கும் அதுதான் வழிகாட்டி. அதனால் கடைசிப் படத்தை மட்டும் கொடுக்காமல் ஃபைலையும் சேர்த்துக் கொடுங்க.

பயிற்சிக்கு ஒண்ணு: பத்து வருஷ நாள் மழையை எடுத்து, அக்டோபர் முதல் டிசம்பர் வரை மட்டும் பிரிச்சு, ஒவ்வொரு வருஷத்துக்கும் வடகிழக்குப் பருவமழை மொத்தம் கண்டுபிடிங்க.

சிடிஓ -பி எஃப்32 -இயர்சம் -செல்மான்,10,11,12 நாள்மழை.என்சி பருவமழை.என்சி

விடை வந்ததும் படம் போட ஓடாதீங்க. முதலில் இன்ஃபோஎன்.